பின்னாலிருந்து ஒன்று

அக்டோபர் 22, ஞாயிறு

கணவர் பெல்காசெமின் கை கால் பயிற்சிக்கு, மலைமேல் இருக்கும் பாட்னா நகரம்வரை போய்வந்தோம். போக ஒரு மணி நேரம், வர இரண்டே முக்கால். வண்டி சூடாகிவிட்டால் மறுபடி கிளம்ப மாட்டேன் என்கிறது. பயிற்சி நிலையத்தின் வாசலிலேயே பானெட்டைத் திறந்து, டீசல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டு, அது ஆறும்வரை நின்றேன். மூன்று வாரமாக இதுதான் வழக்கம். துணி என் பழைய தலைத்துணி. காவலாளி பார்த்துவிட்டு, "என்ன டீச்சரம்மா, வண்டிக்குக் காய்ச்சலா?" என்றான். ஆமாம், அடுத்து எனக்கு வரும் என்றேன்.

பெல்காசெமின் வலது கட்டைவிரல் இன்று தானாக அசைந்ததாம். பயிற்சி கொடுக்கும் பெண் அதைச் சொல்லும்போது, தன் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியதுபோல் சிரித்தாள். பிப்ரவரியில் பக்கவாதத்தில் விழுந்தவருக்கு அக்டோபரில் ஒரு விரல். இந்தக் கணக்கில் போனால் முழுக் கை எப்போது என்று நான் கேட்கவில்லை.

பேச்சுதான் இன்னும் குழப்பம். வார்த்தைகள் வருகின்றன, ஆனால் இடம் மாறி வருகின்றன. ரொட்டிக்கு ஜன்னல். டாக்டருக்கு மாமியார். மேலே என்றால் கீழே, கீழே என்றால் மேலே. எனக்குச் சாவி. முப்பத்தோரு வருடம் தாவுஸ் தாவுஸ் என்று வீடு அதிரக் கூப்பிட்ட மனிதர். இப்போது "சாவி" என்கிறார், நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

கிளம்பும்போது வழக்கம்போல ஆரம்பித்தார். நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், தலைக்கு மேலே "சின்ன… சின்ன…" என்கிறார். சின்னவனைத்தான் கேட்கிறார். பாட்னா போகும் நாளெல்லாம் இது உண்டு. தூரமாகப் போகிறோம் என்றாலே நஸீம் நினைவு வந்துவிடுகிறது போல. கடலுக்கு அந்தப் பக்கம் மார்செய்யில் அவனுக்கு, இங்கே போல வெள்ளி சனி இல்லை, ஞாயிறுதான் விடுமுறை; தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி, போனை இவர் காதில் வைத்தேன். "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்று நாலு தடவை கேட்டான். இவர் போனைத் தள்ளிவிட்டார். பேச முடியாத கோபம். அவன் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.

அசதி. கை முழுக்க டீசல் வாடை.

அக்டோபர் 24, செவ்வாய்

பாதி வழியில் நின்றுவிட்டது. மலை ஏற்றத்தில், சரியாக வளைவில். இறங்கிப் பார்த்தால் பம்பின் அடியிலிருந்து டீசல் ஓடுகிறது. சொட்டவில்லை, ஓடுகிறது.

அம்மாருக்குப் போன் செய்தேன். என் கொழுந்தன் நல்லவன்தான், கேட்டால் வருவான். வந்தால் பேசுவான், அதுதான் தொல்லை. தன் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். வழி முழுக்க நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பெல்காசெம். இருபத்தாறு வருடம் வெளியூர் பஸ் ஓட்டியவர், சொந்த வண்டியில் உட்கார்ந்து கயிற்றில் வருகிறார். சகாராவில் பாதிப் பயணத்தில் பஸ் நின்றால், பயணிகள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் சரிசெய்துவிடுவார் என்று பெயர்.

வழியில் ரபாவின் பட்டறையில் காட்டினோம். பம்பு உள்ளே தேய்ந்துவிட்டது, சீலும் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றான். எப்போது? மூன்று வாரம். விதைப்புக் காலம், வாசலில் ஒன்பது டிராக்டர் வரிசையாக நிற்கிறது. "டீச்சர், இதுல எந்த டிராக்டர்காரன்ட்ட நான் பொறுன்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க" என்றான்.



அக்டோபர் 25, புதன்

பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்தேன். மூன்று வாரம் வர முடியாது என்றேன். அந்தப் பெண் பாவம், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இரண்டு வாரம் வராவிட்டால் அந்த இடம் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். நம் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும். மறுபடி கூப்பிட எட்டு மாதம்கூட ஆகலாம். "நவம்பர் அஞ்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க. இப்பதான் விரல் அசையுது. விட்டா இறுகிப்போயிரும்."

நவம்பர் ஐந்து. அடுப்புக்கு மேலே காலண்டரில் வட்டம் போட்டேன்.

அக்டோபர் 26, வியாழன்

வாடகைக்குக் கார் சொல்லியிருந்தேன். வந்தது. ஓட்டுநர் சின்னப் பையன் இல்லை, பொறுப்பான ஆள்தான். ஆனால் இவரைப் பார்த்ததும் என்னிடம் கேட்டான்: "இவர எப்படித் தூக்கணும்? கால்ல புடிக்கவா, கைல புடிக்கவா?"

அவ்வளவுதான். பெல்காசெம் இடது கையால் வாசல் கம்பியைப் பிடித்தார். விடவில்லை. நான் கெஞ்சினேன். ஓட்டுநர் கெஞ்சினான். எதிர்வீட்டுக்காரி வந்து கெஞ்சினாள். கம்பியை விட்டால்தானே. கால் மணி நேரம் நின்றுவிட்டு அந்த ஆள் போய்விட்டான்.

எனக்கு வந்த ஆத்திரம் — என்னய்யா நினைச்சிட்டிருக்கீங்க மனசுல? நான் மட்டும் என்ன இரும்பா? காலைல ஏழு மணிக்கு நாப்பது பிள்ளைங்க, மத்தியானம் பாட்னா, சாயந்திரம் குளிப்பாட்டணும், சோறு ஊட்டணும், ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் சொல்றதக் கேட்டா என்ன? — இதையெல்லாம் சொல்லவில்லை. எழுதுகிறேன். சொன்னது: "சரி, உள்ள வாங்க. குளிருது."

பள்ளிக்கூடம் இன்றோடு இலையுதிர் விடுமுறை. நவம்பர் ஐந்தில் திறக்கும். அதுவும் ஐந்து.

அக்டோபர் 27, வெள்ளி

தொழுகை முடிந்து அம்மார் சாப்பிட வந்தான். குஸ்குஸ் செய்திருந்தேன். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டே சொன்னான்:

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பழைய பிரெஞ்சு வண்டிய தள்ளிவிட்டுருங்க. இனிமே அண்ணனுக்கு பாட்னாவும் ஒண்ணுதான், கொல்லப்புறமும் ஒண்ணுதான். பாருங்க, ரொட்டிய ஜன்னல்ங்கிறாரு. புத்தி போயிருச்சு, நாமதான் ஒத்துக்கணும்."

இதை அவர் முகத்துக்கு நேரே சொல்கிறான். சுவரைப் பற்றிப் பேசுவதுபோல. பெல்காசெம் கரண்டியைக் கீழே வைத்தார். மேசையைப் பிடித்து எழுந்தார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து முற்றத்துக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். வண்டியின் பானெட்டை இடது கையால் இரண்டு தட்டு தட்டினார். பிறகு கொட்டகையின் மூலையில் இருந்த ஸ்பேனர் பெட்டியைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார்.

"சாவி" என்றார்.

அம்மார், "வண்டிச் சாவி கேக்குறாரு, ஓட்டப்போறாராம்" என்று சிரித்தான். எனக்குப் புரிந்தது. சாவி நான். நான் மாற்ற வேண்டுமாம், பம்பை.

பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வேறு என்ன இருக்கிறது? அவர் மாற்றும்போதெல்லாம் முப்பது வருடமாக விளக்குப் பிடித்தவள் நான். எந்த நட்டு எந்த டப்பாவில் என்பது எனக்குத் தெரியும். அம்மாரிடம், "பேசினது போதும், பழைய வண்டி உடைச்சு விக்கிற இடத்துல இதே மாதிரி பம்பு ஒண்ணு பாத்துட்டு வா. நல்லதா, கழுவி சோதிச்சதா" என்றேன்.

"அண்ணி, நீங்களா மாத்தப் போறீங்க?"

"இல்ல, பள்ளிக்கூடத்து ஆயா."

அக்டோபர் 28, சனி

பம்பு வந்தது. செய்தித்தாளில் சுற்றி, ஆட்டுத் தலை வாங்கி வருவதுபோல அம்மார் கொண்டுவந்தான்.

அக்டோபர் 29, ஞாயிறு

காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை கழற்றினேன்.

பெல்காசெமுக்கு வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தோளில் கம்பளியைப் போர்த்தி உட்காரவைத்தேன். அவர் இடது கையால் காட்டுவார், நான் கழற்றுவேன். வாயைத் திறந்தால்தான் சிக்கல். "மேல" என்றால் கீழே இருக்கும் போல்ட். "பெரிசு" என்றால் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரா, பத்தா? கையைப் பார்த்துக்கொண்டு காதை மூடிக்கொண்டால் வேலை நடக்கிறது. மதியத்துக்குள் எனக்கே ஒரு விதி உண்டாகிவிட்டது: அவர் சொல்வதைத் திருப்பிப்போட்டால் சரியாக வரும்.

பம்பிலிருந்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும் நான்கு குழாய்களுக்கும் நான்கு நிறத்தில் கம்பளி நூல் கட்டினேன், மாறிப்போகாமல் இருக்க. அதைப் பார்த்து அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கும், ஆனாலும் அது கிண்டல்தான். பஸ் ஓட்டுகிற காலத்தில் யாராவது குழாய்க்கு அடையாளம் கட்டினால் "கல்யாணப் பொண்ணா இது, ரிப்பன் கட்டுறதுக்கு?" என்பார்.

ஒரு தவறு செய்தேன். அடியில் ஒரு போல்டுக்கு ஸ்பேனர் போகவில்லை. இடம் கிடைக்க எஞ்சினை முன்பக்கத்து நட்டைப் பிடித்துக் கையாலேயே சுற்றினேன். சுற்றுவதற்கு முன் அது நின்ற இடத்துக்குக் குறி போடவில்லை. அவர் "ம்ம்ம்" என்று கையை உதறினார். நான் கவனிக்கவில்லை. பம்பு வெளியே வந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ரபாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம். கத்திச் சொன்னான்: "பரவாயில்ல டீச்சர். எஞ்சின் மேல் மூடியக் கழட்டுங்க. ஒண்ணாம் நம்பர் பிஸ்டன் உச்சிக்கு வரணும், அதோட ரெண்டு வால்வும் மூடியிருக்கணும். புது பம்போட அச்சுல ஒரு கோடு இருக்கும், உடம்புல ஒரு கோடு இருக்கும், ரெண்டையும் நேரா வச்சு உள்ள தள்ளுங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்.

அக்டோபர் 30, திங்கள்

முதுகு. எழுந்திருக்க முடியவில்லை. இன்று எதுவும் இல்லை. பருப்பு சூப்பு வைத்தேன், இரண்டு வேளைக்கும் அதுவே.

ஒன்று கவனித்தேன். இந்த ஒரு வாரமாக அவர் நஸீமைக் கேட்கவே இல்லை. "சின்ன" என்ற பேச்சே இல்லை. அதுவும் மறந்துகொண்டிருக்கிறாரா? அம்மார் சொல்வது சரிதானோ? நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறாரோ? பாட்னா போகாததால்தான் என்றால் ஒவ்வொரு நாளும் கணக்கு.

யாரிடம் கேட்பது இதை.

அக்டோபர் 31, செவ்வாய்

இன்று பம்பு உள்ளே போய்விட்டது. ஆனால் சண்டை.

மேல் மூடியைக் கழற்றிவிட்டோம். அம்மார் முன்பக்கத்து நட்டைச் சுற்றினான், நான் வால்வுகளைப் பார்த்தேன். எஞ்சினில் நான்கு சிலிண்டர், முன்னும் பின்னுமாக வரிசையில் நிற்கின்றன. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருப்பதன் இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சிக்கு வந்தது. "நிறுத்து" என்றேன். "இதுதான் ஒண்ணு."

நாற்காலியிலிருந்து, "ஒண்ணு… பின்னாடி" என்றார் பெல்காசெம்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஒண்ணு பின்னாடி. பின்னாடி." இடது கையை ஆட்டினார். கை காரைக் காட்டியதா, வீட்டைக் காட்டியதா, சும்மா ஆடியதா, தெரியவில்லை.

அம்மார் சொன்னான்: "பாத்தீங்களா அண்ணி. ஒண்ணு எங்கயாவது பின்னாடி இருக்குமா? ஆட்டை எண்ணுறவன் வாலுலேர்ந்தா எண்ணுவான்?"

எனக்கும் அதேதான் தோன்றியது. இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு சொல்லிக்கொடுத்தவள். ஒன்று முன்னால் நிற்கும், மற்றவை அதன் பின்னால் வரும். அது மட்டுமா, என் விதி இருக்கிறதே: அவர் சொல்வதைத் திருப்பிப்போட வேண்டும். மேலே என்றால் கீழே. பின்னாடி என்றால் முன்னாடி. அவரும் நான் சொன்னதையேதான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஆமாங்க, முன்னாடி, முன்னாடிதான் வச்சிருக்கேன்" என்றேன், வகுப்பில் அழும் குழந்தையிடம் பேசுகிற குரலில்.

அவர் தலையை ஆட்டி ஆட்டி, "பின்னாடி" என்றார். எத்தனை முறை என்று எண்ணவில்லை. பம்பின் கோடுகளை நேராக்கி உள்ளே தள்ளினேன். சுகமாகப் போய் உட்கார்ந்தது. நான்கு குழாயையும் நூல் பார்த்து மாட்டினேன். அவர் கம்பளியை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாளைக்கு ஏர் எடுத்து, செல்ஃப் அடித்தால் முடிந்தது.

நவம்பர் 1, புதன்

முடியவில்லை.

விடுதலைப் போர் தொடங்கிய நாள், ஊரெல்லாம் கொடி. நகராட்சி ஒலிபெருக்கியில் காலையிலிருந்து பாட்டு. அந்தப் பாட்டுக்கு நடுவே நான் டீசல் ஃபில்டரின் மேலே இருக்கும் பொத்தானை அமுக்கி அமுக்கி ஏர் எடுத்தேன். குமிழி நின்று சுத்தமான டீசல் வந்தது. நாசில் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, நான்கிலும் டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்கினேன். எல்லாம் புத்தகத்தில் எழுதியதுபோல.

செல்ஃப் அடித்தேன். சுற்றியது. கிளம்பவில்லை. மறுபடி. புகைக்குழாயில் வெள்ளைப் புகை, பச்சை டீசல் நாற்றம். மறுபடி. அம்மார் தன் பிக்கப்பிலிருந்து பேட்டரி ஒயர் கொடுத்தான். மறுபடி. பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேட்டரியும் படுத்துவிட்டன.

"பம்பே செத்த பம்பு போல, அண்ணி" என்றான் அம்மார். "இல்ல, எஞ்சினே போயிருச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்." நகத்தில் அழுக்கை எடுத்துக்கொண்டே கிளம்பிப் போனான்.

பெல்காசெம் வாசலில் நின்றிருந்தார். "பின்னாடி" என்றார். மெதுவாக. அதட்டவில்லை. "ஒண்ணு… பின்னாடி."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதியே ஆகவேண்டும். "வாய மூடுங்க" என்றேன். "எட்டு மாசமா உங்க ஜன்னலையும் மாமியாரையும் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. வாய மூடிட்டு உக்காருங்க."

முப்பத்தோரு வருடத்தில் அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. அவரும் என்னிடம் பேசியதில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். இப்போது எழுதிக்கொண்டிருக்கும்வரை திறக்கவில்லை.

நவம்பர் 2, வியாழன்

வண்டியின் பக்கம் போகவில்லை. அவர் பேசவில்லை. காபியை வைத்தேன், குடித்தார்.

மூன்று நாள் இருக்கிறது.

நவம்பர் 3, வெள்ளி

தொழுகை முடிந்து ரபா வந்தான், கூப்பிடாமலே. நீளமான வெள்ளை ஜிலாபா அங்கி போட்டிருந்தான், அழுக்காகக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டே எஞ்சினைப் பார்த்தான். நான் நடந்ததைச் சொன்னேன். வெள்ளைப் புகை என்றதும் தலையைத் தூக்கினான்.

"ஒண்ணாம் நம்பர்னு எதை வச்சீங்க?"

ரேடியேட்டர் பக்கம் காட்டினேன்.

சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு இல்லை. "டீச்சர், இது பிரெஞ்சுக்காரன் வண்டி. அவன் ஃப்ளைவீல் பக்கத்துலேர்ந்து எண்ணுவான். ஒண்ணு பின்னாடி, நாலு முன்னாடி. இந்த நாட்டுல டீசல் வண்டி தொட்டவன் அத்தனை பேருக்கும் தெரியும், அதான் நான் சொல்லலை. நீங்க நாலை ஒண்ணுன்னு வச்சு மாட்டியிருக்கீங்க. பம்பு அரைச் சுத்து தள்ளி நிக்குது. பம்பு நல்ல பம்புதான்." கண்ணாடிப் பக்கம், எஞ்சினின் கடைசிச் சிலிண்டரைத் தாடையால் காட்டினான். "எதுக்கு இத்தன கஷ்டம்? பெல்காசெமண்ணன்ட்ட கேக்கலையா?"



"அவர் சொன்னார்" என்றேன்.

 ரபா பெல்காசெம் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு, "அண்ணே, டீச்சருக்கு ரெண்டாங்கிளாஸ் பாடமே தெரியலியே" என்றான். பெல்காசெம் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவர் திருப்பிப்போட்டுச் சொல்லவில்லை. சரியாகச் சொன்னார். பத்துத் தடவை, பதினைந்து தடவை. நான்தான் திருப்பிப்போட்டேன்.

நவம்பர் 4, சனி

நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் போட்டு, போய் அவரைக் கூப்பிட்டேன். "நீங்க வந்தாத்தான் தொடுவேன். பின்னாடிதான் ஒண்ணு. நீங்க சொன்னதுதான் சரி. நான் பேசினது தப்பு." இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வந்தபோது சமையல்கட்டு வாசலில் நின்று, கையில் ஸ்பேனரோடு சொன்னேன்.

வந்தார்.

நான்கு குழாயும் மறுபடி கழற்றி, பம்பைப் பின்னுக்கு இழுத்து, எஞ்சினை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினேன். இந்த முறை அவர் இடது கையை என் கையின் மேல் வைத்தார். சரியான இடம் வந்ததும் அமுக்கினார். கண்ணாடிப் பக்கத்துச் சிலிண்டரில் இரண்டு வால்வும் மூடியிருந்தன. கோடுகளை நேராக்கினேன், தள்ளினேன். குழாய், நூல், ஏர். எதிர்வீட்டிலிருந்து பேட்டரி.

மூன்றாவது செல்ஃபில் பிடித்தது. முதலில் இரண்டு சிலிண்டர் தட்டுத்தடுமாறி, பிறகு நான்கும். கறுப்பாக ஒரு புகை விட்டு, பிறகு சீராக ஓடியது. பெல்காசெம் பானெட்டின் ஓரத்தில் காதை வைத்துக் கேட்டார். கொஞ்சம் தட்டுகிறது என்று விரலால் காட்டி, பம்பை எஞ்சின் பக்கம் ஒரு நூலளவு தள்ளச் சொன்னார். வார்த்தையில் இல்லை, கையில். நான் போல்டைத் தளர்த்தி நகர்த்தினேன். சத்தம் மெத்தென்று ஆகிவிட்டது.

சூடாக்கி, நிறுத்தி, மறுபடி செல்ஃப் அடித்தேன். பிடித்தது. ஈரத்துணி வேண்டாம்.

அம்மார் சத்தம் கேட்டு ஓடிவந்தான். "யாரு கண்டுபிடிச்சது?" என்றான். அண்ணனைக் காட்டினேன். அவன் வாயில் பேச்சு வராமல் நின்றதை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பிறகு போய்க் கொட்டகையைப் பெருக்கிவிட்டான், யாரும் சொல்லாமலே.

நவம்பர் 5, ஞாயிறு

பள்ளி முடிந்து பன்னிரண்டுக்கு வீடு. கிளம்ப வேண்டும். வண்டி முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மனமில்லாமல் ஓடவிட்டிருந்தேன். கணுக்கால் மடங்காமல் இருக்கக் கொடுத்த பிளாஸ்டிக் தாங்கியை வலது காலில் கட்டி, ஷூவை மாட்டி, நாடாவை இறுக்கினேன்.

"சின்ன…" என்றார்.

கை தானாகப் போனை எடுக்கப் போனது. ஞாயிறு, நஸீம் வீட்டில் இருப்பான். எண்ணைத் தொட்டுவிட்டேன்.

நிறுத்தினேன்.

இரண்டு வாரமாக அவர் நஸீமைக் கேட்கவில்லை. இரண்டு வாரமாக நாங்கள் எங்கும் போகவில்லை. இரண்டு வாரமாக வீட்டில் செருப்புதான்.

போனைத் தரையில் வைத்தேன். நாடாவை அவிழ்த்தேன். ஷூ, தாங்கி, காலுறை, எல்லாவற்றையும் கழற்றினேன். சுண்டுவிரல் நகம் கறுத்து, பக்கத்தில் தோல் உரிந்து ஆறி, மறுபடி உரிந்து ஆறிய தடம். குதிகாலில் ஒன்று. தாங்கி இல்லாமல் போட்டால் அந்த ஷூ அவருக்குச் சரியான அளவுதான். ஆனால் தாங்கியோடு சேர்த்துப் போட வேண்டும் என்று நான் பழைய ஷூவுக்குள்ளேயே திணித்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரலிலிருந்து. வாரம் மூன்று நாள்.

குளிப்பாட்டும்போது அந்த நகத்தைப் பார்த்திருக்கிறேன். ரத்த ஓட்டம் இல்லாத கால், அதனால் கறுக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பக்கவாதம் என்று ஒன்று இருந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம்.

"சின்னது" என்றேன். "ஷூ சின்னது. இதைத்தான் சொல்லிட்டிருந்தீங்களா? சின்னவன் இல்லையா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை. ரொம்ப நேரம் கதவைத் தட்டிக்கொண்டு நின்றவர், யாரோ தாழ்ப்பாளைத் தொடும் சத்தம் கேட்டால் எப்படி இருப்பார், அப்படி.

"சின்னது" என்றார். முழு வார்த்தை.

ஏழு மாதம், கடவுளே. நான் காலை நெரித்துக்கொண்டு, அவர் காதில் மகனை வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனும் ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டு. போன் தரையில் கத்திக்கொண்டிருந்தது: "அம்மா? அம்மா? என்னாச்சு?" அழைப்பு போய்விட்டிருந்தது. "ஒண்ணும் இல்லடா, தப்பா அமுங்கிருச்சு" என்றேன். அது பொய்தான்.

காலுறை மேல் காலுறை போட்டு, செருப்போடு பாட்னா போனோம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இடம் நம்முடையது. வரும்போது ஒரே செல்ஃபில் கிளம்பியது. காவலாளி, "காய்ச்சல் போயிருச்சா டீச்சரம்மா?" என்றான். போய்விட்டது என்றேன்.

நவம்பர் 7, செவ்வாய்

பயிற்சிக்கு முன்னால் பாட்னாவில் ஷூக் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "இவருக்கு எந்த நம்பர்மா?"

"அவர்ட்டயே கேளுங்க" என்றேன்.

கடைக்காரர் அவர் பக்கம் திரும்பினார். வெகுநேரம் ஆயிற்று. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஜன்னல்" என்றார். அது தப்பென்று அவருக்கே தெரிந்து தலையை ஆட்டினார். இடது கையைத் தூக்கி, கட்டைவிரலை மடித்து நான்கு விரல் காட்டினார். கையைத் தாழ்த்தி, மறுபடி தூக்கி இன்னொரு நான்கு.

நாற்பத்து நான்கு. பெட்டியைக் கொண்டுவந்தார்கள். தாங்கியோடு போட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது.